மருதானைப் பள்ளிவாசல் நிலத்தில் எழும்பிய பாடசாலை: அறிஞர் சித்திலெவ்வை அவர்களின் சரித்திரம்

கொழும்பு மாநகரில் மருதானைப் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுத அன்பர்கள் நம் சங்கத்தில் சிலராவது இருப்பார்கள். அந்தப் பள்ளிவாசலை ஒட்டினாற்போல் ஒரு பெரிய கலாசாலை நிற்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அதன் பெயர் ஸாஹிராக் கல்லூரி. இலங்கை முஸ்லிம்களில் டாக்டர், வக்கீல், மந்திரி என்று பேர் எடுத்தவர்கள் பலர் அதில் படித்து வெளியே வந்தவர்கள். ஆனால் அது ஆரம்பத்திலேயே கல்லூரியாகத் தோன்றியதல்ல. 1892ம் ஆண்டில், பாதிரிமார் தயவை எதிர்பாராமல், பள்ளிவாசல் நிலத்தில், நம்மவர் கைக்காசில் தொடங்கிய சின்னஞ்சிறு பாடசாலை அது. அதற்கு முன்னால் அதே நோக்கத்தோடு தொடங்கிய இன்னொரு பாடசாலை நடக்கமாட்டாமல் போனதும் உண்டு. இரண்டுக்கும் பின்னால் நின்றவர்களில் முதன்மையானவர் ஒருவரே. அவர்தாம் மர்ஹூம் முகம்மது காசிம் சித்திலெவ்வை அவர்கள்.

சித்திலெவ்வை என்றதும் வாசித்தவர்களுக்கு அவர் எழுதிய அசன்பே சரித்திரம் ஞாபகத்துக்கு வரும். நான் இங்கே முக்கியமாகச் சொல்லப் புகுந்தது கதையைப் பற்றியல்ல, பாடசாலையைப் பற்றி. ஒரு பாடசாலை ஏன் விழுகிறது, ஏன் நிற்கிறது என்பது கடை நடத்துகிற நமக்கு எளிதில் விளங்கக்கூடிய சங்கதி.

அவர் பிறந்தது கண்டி நகரில், 1838ம் ஆண்டு ஜூன் மாதம் 11ந் தேதி. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு வந்து அப்போது இருபத்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. மலைச்சரிவுகளில் காட்டை வெட்டிக் கோப்பி பயிரிடத் தொடங்கிய காலம். அதற்கு முன் மலைநாட்டுக்கு உப்பும் புடவையும் கருவாடும் கொண்டுபோய், அங்கிருந்து பாக்கும் மிளகும் இறக்கிவந்த வியாபாரத்தில் சோனகருக்குப் பெரும்பங்கு இருந்தது. பொதிமாடுகளின் மேல் சரக்கேற்றிச் செல்வதைத் தவளம் என்பார்கள். ஆங்கிலேயர் ரஸ்தா போட்டார்கள், வண்டி வந்தது. 1867ல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலும் வந்துவிட்டது. தவள மாடுகளுக்கு வேலை குறைந்தது. பழைய வழியில் பிழைத்தவர்கள் புதிய வழிக்கு மாறவேண்டி வந்தது. அந்தப் புதிய வழியில் ரசீதும் பத்திரமும் கச்சேரிக் கடுதாசியும் இங்கிலீஷில் இருந்தன.

சித்திலெவ்வை அவர்களின் தகப்பனார் இந்த மாறுதலை முன்னமே கண்டுகொண்டவர். இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாகப் புரொக்டர் உத்தியோகம் பெற்றவர் அவர்தாம். அது 1833ல் நடந்தது. இந்தியாவில் வக்கீல் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். இலங்கையில் அப்போது வழக்காடும் அட்வகேட் ஒருவர், வழக்கைத் தயார் செய்து பத்திரம் எழுதிக் கட்சிக்காரரைக் கவனிக்கும் புரொக்டர் இன்னொருவர் என்று இரண்டு வகை உண்டு. மகனும் அந்த வழியில் போனார். வீட்டில் அரபும் தமிழும் மார்க்கக் கல்வியும், வெளியில் இங்கிலீஷும் சட்டமும் கற்று 1862ல் புரொக்டர் ஆனார். இரண்டு ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டிலும் அந்த உரிமை கிடைத்தது. கண்டி நகரசபையில் அங்கத்தினராக இருந்தார். மாஜிஸ்திரேட் வேலையையும் பதிலுக்குப் பார்த்தார். கண்டியில் செல்வாக்கான வீடு, வருமானமுள்ள தொழில், துரைமார் மத்தியில் மரியாதை எல்லாம் இருந்தன. இத்தோடு அவர் நின்றிருந்தால் அக்காலத்துக் கனவான்களில் ஒருவராக வாழ்ந்து மறைந்திருப்பார். நாமும் அவரைப் பற்றி எழுத வேண்டியிராது.

புரொக்டராக உட்கார்ந்திருப்பவர் முன்னால் ஊரார் கஷ்டமெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். காணி உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தவன் வருவான். கடன் பத்திரத்தில் வட்டி எவ்வளவு என்று அறியாதவன் வருவான். இப்படி வருகிறவர்களில் தம் சமூகத்தார் எத்தனை பேர் என்று அவர் கணக்குப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அந்நாளில் இலங்கையில் கல்வி எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். கொழும்பில் துரைத்தனத்தாரின் கலாசாலை 1835லிருந்து நடந்தது. அதுதான் பிற்காலத்து ரோயல் கல்லூரி. 1851ல் பரிசுத்த தோமையார் கல்லூரி வந்தது. 1872ல் கண்டியில் திரித்துவக் கல்லூரி, 1874ல் கொழும்பில் வெஸ்லி கல்லூரி என்று மிஷன்காரர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தார்கள். 1870 முதல் இன்னொரு ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. தனியார் நடத்தும் பாடசாலையில் இத்தனை பிள்ளைகள், இத்தனை பாடம், இன்ஸ்பெக்டர் பரீட்சையில் இத்தனை பேர் தேறினார்கள் என்று காட்டினால் அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்கும். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் விண்ணப்பம் எழுதவும், இடாப்பு வைக்கவும், பயிற்சியுள்ள வாத்தியாரைத் தேடவும் தெரிந்தவர்கள் மிஷன்காரர்கள். ஆகவே பணம் பெரும்பாலும் அவர்கள் பக்கம் போயிற்று.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848லேயே வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைத்துவிட்டார். பவுத்தர்களுக்கு 1880ல் கேணல் ஒல்கொட் என்ற அமெரிக்கர் வந்து உதவினார். 1886ல் கொழும்பு கோட்டைப்புறத்துப் பேட்டையில் அவர்கள் ஆரம்பித்த பாடசாலைதான் பின்னால் ஆனந்தாக் கல்லூரியாயிற்று. முஸ்லிம்களுக்கோ ஒன்றும் இல்லை. பள்ளிவாசல் திண்ணையில் ஓதிக்கொடுக்கும் மக்தப்கள் இருந்தன. குர்ஆன் ஓதவும் அரபுத்தமிழ் வாசிக்கவும் பிள்ளை கற்றுக்கொள்ளும். பத்து வயதானால் தகப்பன் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப் போய்விடுவான்.

நம் முன்னோரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. இங்கிலீஷ் படிக்கவேண்டுமென்றால் மிஷன் பாடசாலைக்கு அனுப்பவேண்டும். அங்கே பைபிள் வகுப்பு. பிள்ளை ஈமானை இழந்து வந்தால் எந்த உத்தியோகம் அதை ஈடு செய்யும்? ஆகவே இங்கிலீஷே வேண்டாம் என்றார்கள். ஆலிம்களில் சிலர் அது ஆகாதென்றே சொல்லி வந்தார்கள். சித்திலெவ்வை அவர்கள் இந்தப் பயத்தை ஏளனம் செய்யவில்லை. பயம் பாஷையைப் பற்றியதல்ல, பாடசாலையைப் பற்றியது என்று அவர் பிரித்துப் பார்த்தார். நம்முடைய சொந்தப் பாடசாலையாக இருந்து, குர்ஆனும் அரபும் தமிழும் இங்கிலீஷும் கணக்கும் ஒரே கூரையின் கீழ் நடந்தால் பயப்பட என்ன இருக்கிறது என்பதே அவர் கட்சி.

இதை ஜனங்களுக்குச் சொல்ல ஒரு பத்திரிகை வேண்டும். 1882ம் ஆண்டு டிசம்பரில் முஸ்லிம் நேசன் என்ற பெயரில் ஒன்று ஆரம்பித்தார். உலக வர்த்தமானம், துருக்கி மிசுறு தேசத்துச் செய்தி, மார்க்க விஷயம், கல்வி எல்லாம் அதில் வந்தன. கல்வியைப் பற்றி அவர் எழுதாத காலமில்லை. இதற்கு ஐந்து ஆண்டு கழித்து 1887ல் நம் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் சிங்கை நேசனைத் தொடங்கினார்கள். கடல் கடந்த ஊர்களில் தமிழ் முஸ்லிம்கள் அச்சுக்கூடம் வைத்துப் பத்திரிகை நடத்திய அந்தக் காலத்தை நினைத்தால் இன்று நாம் ஒரு மாத இதழ் கொண்டுவரப் படும் பாடு கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

முஸ்லிம் நேசன் பிறந்து ஒரு மாதம் முடியுமுன் ஒரு பெரிய சம்பவம் நடந்தது. மிசுறு தேசத்தில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற தளபதி அகமது உறாபி பாஷா 1882 செப்டம்பரில் தெல்லுல் கபீர் யுத்தத்தில் தோல்வியுற்றுப் பிடிபட்டார். மரண தண்டனை விதித்து, பிறகு அதை ஆயுள் முழுவதும் நாடு கடத்தும் தண்டனையாக மாற்றினார்கள். கடத்தி அனுப்பிய இடம் இலங்கை. 1883 ஜனவரியில் அவரும் கூட வந்த மற்றத் தலைவர்களும் கொழும்பில் கப்பலை விட்டு இறங்கினார்கள். துறைமுகத்தில் முஸ்லிம் ஜனங்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள். ஆங்கிலேயர் கைதி என்று அனுப்பிய மனிதரை இவர்கள் விருந்தாளியாக ஏற்றுக்கொண்டார்கள்.

சித்திலெவ்வை அவர்களுக்கு இது அல்லாஹ் தந்த ஒத்தாசையாகத் தோன்றியிருக்க வேண்டும். அவர் சொன்னால் கேட்காதவர்களும் பாஷா சொன்னால் கேட்பார்கள். மார்க்கப் பற்றில் யாரும் சந்தேகிக்க முடியாத மனிதர், ஆங்கிலேயரோடு யுத்தம் செய்தவர், அவரே இங்கிலீஷ் படியுங்கள் என்று சொன்னால் எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? பாஷாவும் இலங்கைக்கு வந்தபின் இங்கிலீஷ் கற்றுக்கொண்டார். இருவருக்கும் நெருங்கிய சிநேகம் உண்டாயிற்று.

1884ல் சித்திலெவ்வை அவர்கள் ஒரு பெரிய காரியம் செய்தார். கண்டியில் நல்ல வருமானம் தந்த தொழிலை விட்டுவிட்டு, கல்வி வேலைக்காகவே கொழும்புக்கு வந்தார். நாற்பத்தாறு வயது. கொஞ்சம் பணம் சேர்த்து, இனி இன்னும் சேர்க்கலாம் என்று எவரும் நினைக்கும் வயது. எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு ஊருக்குப் பாடசாலை கட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அவ்வாண்டே கொழும்பு பழைய சோனகத் தெருவில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாடசாலை திறந்தார். வியாபாரிகள் நெருங்கி வசிக்கும் தெரு. உறாபி பாஷாவின் ஆதரவும் அதற்கு இருந்தது. ஆனால் பாடசாலை நிலைக்கவில்லை. போதிய ஆதரவின்றி அது தேய்ந்து மறைந்தது.

ஏன் என்று பலர் பலவிதமாகச் சொல்லுவார்கள். நம்மவரின் அசிரத்தை என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் ஒரு வியாபாரியின் கண்ணால் பார்த்தால் இன்னும் சில காரணங்கள் தெரிகின்றன. அந்த 1884ம் ஆண்டு இலங்கைக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்று நினைத்துப் பாருங்கள். 1869ல் கோப்பிச் செடியின் இலையில் கண்ட துரு நோய் பதினைந்து ஆண்டில் தோட்டங்களைத் தின்றுவிட்டிருந்தது. தோட்டத்துக்குக் கடன் கொடுத்த ஒரியண்டல் பாங்கு 1884 மே மாதத்தில் கதவைச் சாத்தியது. ஊரெல்லாம் அந்தப் பாங்கின் நோட்டுத்தான் புழக்கத்தில் இருந்தது. நோட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் கலங்கிப்போனார்கள். கவர்னர் கோர்டன் துரை அரசாங்கமே அந்த நோட்டுக்குப் பொறுப்பு என்று அறிவித்த பிறகுதான் கடைத்தெரு மூச்சு விட்டது. கோப்பியை நம்பி நடந்த வியாபாரம் எல்லாவற்றிலும் அடி விழுந்த நேரம் அது. அந்த நேரத்தில் பாடசாலைச் சந்தாவுக்குக் கை நீட்டினால் எவ்வளவு விழும்?

இன்னொன்று, வருமானம் நிச்சயமில்லாத பாடசாலைக்கும் செலவு நிச்சயம். வாத்தியார் சம்பளம் மாதம் பிறந்தால் கொடுக்கவேண்டும். பிள்ளைகளோ சம்பளம் கட்டுகிற வழக்கத்தில் வந்தவர்கள் அல்ல. ஓதிக்கொடுக்கும் லெப்பைக்கு அரிசியும் தேங்காயும் கொடுத்துப் பழகியவர்கள் மாதச் சம்பளம் என்றால் திகைப்பார்கள். திறப்பு விழாவுக்குக் கூட்டம் வருவதும், ஆறாவது மாதத்தில் சந்தாப் புத்தகத்தோடு போகிறவனைக் கண்டு கடைக்காரர் உள்கட்டுக்குப் போய்விடுவதும் எந்த ஊரிலும் நடப்பதுதான். நம் ஊரிலும் நடந்திருக்கிறது. பேர் சொல்ல வேண்டாம்.

பாடசாலை தளர்ந்த அந்த நாட்களிலும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1885ல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்டார். இலங்கையில் எழுதிய முதல் தமிழ் நாவல் அது. தமிழில் முதல் நாவலென்று சொல்லும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879ல் அச்சாகி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. மிசுறு தேசத்தில் பிரபு வீட்டில் பிறந்த குழந்தையைக் களவாகக் கடத்தி பம்பாய்க்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அவன் கல்கத்தாவில் படித்து ஆளாகிக் கடைசியில் தன் தேசம் சேருகிறான். படித்த முஸ்லிம் வாலிபன் எப்படி இருப்பான் என்று ஜனங்கள் அதுவரை கண்டதில்லை. கண்ணால் காட்ட முடியாததை அவர் கதையில் காட்டினார் என்று எனக்குப் படுகிறது.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கொழும்பில் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார் என்று ஒரு கட்டட கொந்தராத்துக்காரர் இருந்தார். 1829ல் பிறந்தவர். கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் அவர்தாம். அது 1877 ஜனவரியில் திறப்பு விழாக் கண்டது. அந்தக் கட்டடத்தைப் பார்த்து மகிழ்ந்த கவர்னர் கிரகரி துரை, உமக்கு என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டாராம். பட்டமோ காணியோ கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும், அதுவே போதும் என்றாராம் மரைக்கார். இலங்கை முஸ்லிம்களிடம் பரம்பரையாக வழங்கிவரும் செய்தி இது. நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடித்தான் இருந்தது.

கொந்தராத்துக்காரருக்குச் சில விஷயங்கள் புரொக்டரை விட நன்றாகத் தெரியும். செங்கல் எங்கே மலிவு, மரம் எங்கே கிடைக்கும், கூலியாளை எப்படி வேலை வாங்குவது, இருக்கிற காசில் எவ்வளவு எழுப்பலாம் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கணக்கு. சித்திலெவ்வை அவர்களிடம் யோசனை இருந்தது, வாப்பிச்சி மரைக்காரிடம் கையிருந்தது, உறாபி பாஷாவிடம் பேர் இருந்தது. இம்மூவரோடும் அன்று இருபத்தைந்து வயது வாலிபராக இருந்த ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அவர்களும் சேர்ந்து உழைத்தார். இவர் பின்னாளில் சோனகர் சங்கத்தின் முதல் தலைவரானார்.

இரண்டாம் முறை அவர்கள் பழைய சோனகத் தெருவுக்குப் போகவில்லை. மருதானைப் பள்ளிவாசல் நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இடம் பள்ளிவாசலுடையது. ஐந்து வேளையும் தொழ வருகிற ஜமாஅத்தார் பாடசாலையைத் தினமும் கண்ணால் பார்ப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். பாங்கு சொன்னால் பிள்ளைகள் வகுப்பிலிருந்து எழுந்து நேரே தொழுகைக்குப் போவார்கள். ஈமான் போய்விடும் என்று பயந்த தகப்பனுக்கு இதைவிட என்ன சமாதானம் வேண்டும்? பத்து ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதி எழுதித் தீராத பயம், பாடசாலையைக் கொண்டுபோய்ப் பள்ளிவாசல் நிழலில் வைத்ததும் தானே குறைந்தது.

1892ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22ந் தேதி அல் மத்ரஸத்துஸ் ஸாஹிரா என்ற பெயரோடு பாடசாலை ஆரம்பமாயிற்று. அப்போது அது சிறிய மத்ரஸாதான். மார்க்கக் கல்வியோடு உலகக் கல்வியும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது அன்று போட்ட வழக்கம். பிற்பாடு மருதானை முகம்மதியர் ஆண் பாடசாலை என்று துரைத்தனத்தாரின் பதிவிலும் அது ஏறியது. மிஷன்காரர்கள் மட்டுமே அறிந்திருந்த இடாப்பும் இன்ஸ்பெக்டர் பரீட்சையும் நம்மவருக்கும் பழகிவிட்டன.

உறாபி பாஷா அவ்வாண்டில் கண்டிக்குக் குடிபோனார். 1901ல் மன்னிப்புப் பெற்று மிசுறுக்குத் திரும்பும் வரை இலங்கையிலேயே இருந்தார். கண்டியில் அவர் வசித்த வீடு இப்போது அவர் ஞாபகமாக இருக்கிறது.

சித்திலெவ்வை அவர்கள் ஒரு பாடசாலையோடு திருப்தியடையவில்லை. பாடப் புத்தகம் இல்லாமல் எப்படிப் படிப்பிப்பது? பிள்ளைகளுக்கு அரபும் தமிழும் கற்பிக்கத் தாமே வாசிப்புப் புத்தகங்கள் எழுதி அச்சிட்டார். மிஷன் அச்சுக்கூடப் புத்தகத்தில் வருகிற பாடங்கள் நம் பிள்ளைக்கு ஒத்துவராது என்று அவர் கண்டிருந்தார்.

பெண் பிள்ளைகளையும் அவர் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் ஆண் பிள்ளை இங்கிலீஷ் படிப்பதே சண்டையாயிருக்க, பெண் பிள்ளை பாடசாலைக்குப் போவதென்றால் கேட்கவேண்டுமா? ஊரார் வீட்டுப் பெண்ணை முதலில் அனுப்பச் சொல்லி அவர் வற்புறுத்தவில்லை. கண்டியில் பெண்கள் பாடசாலை திறந்தபோது தம்மோடு பிறந்த சகோதரியையே அந்த வேலையில் நிறுத்தினார். சித்திலெவ்வை வீட்டுப் பெண்ணே முன்னால் நிற்கிறாள் என்றால் மற்ற வீட்டார் முணுமுணுக்கலாம், தடுக்க முடியாது. மலைநாட்டில் வேறு சில ஊர்களிலும் அவர் முயற்சியால் பாடசாலைகள் உண்டாயின.

எதிர்ப்பு இல்லாமலில்லை. அவர் தரீக்கா வழியில் ஈடுபாடுள்ளவர். 1897ல் அஸ்ராறுல் ஆலம் என்ற ஞானநூலை வெளியிட்டபோது ஆலிம்கள் சிலர் கடுமையாகக் கண்டித்தார்கள். பாடசாலை விஷயத்தில் வாய் மூடியிருந்தவர்களுக்கும் அப்போது வாய் கிடைத்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. அது என் அறிவுக்கு மேற்பட்டது. அவர் கடைசிக் காலம் புகழுரை கேட்டுக் கழிந்ததல்ல என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

1898ம் ஆண்டு பிப்ரவரி 5ந் தேதி அவர் வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அறுபது வயது நிறையவில்லை. மருதானைப் பாடசாலைக்கு அப்போது ஐந்தரை வயது. அது கல்லூரியாகும் என்பதற்கு எந்த அடையாளமும் கண்ணுக்குத் தெரியாத காலத்தில் அவர் போய்விட்டார்.

பாடசாலை போகவில்லை. வாப்பிச்சி மரைக்கார் அதைத் தாங்கி நின்றார். சித்திலெவ்வை அவர்களுக்கு ஒன்பது வயது மூத்த அவர், அவருக்குப் பின்னும் இருபத்தேழு ஆண்டுகள் உயிரோடிருந்து 1925ல் வபாத்தானார். கட்டியவனே காவலாகவும் இருக்கிற பாக்கியம் எல்லாக் கட்டடத்துக்கும் கிடைப்பதில்லை.

பாஷா வந்தபின் இலங்கை முஸ்லிம்களிடையே பரவிய துருக்கித் தொப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1905ல் எம். சி. அப்துல் காதர் என்ற அட்வகேட் அந்தச் சிவப்புத் தொப்பியோடு சுப்ரீம் கோர்ட்டில் நின்றபோது, தொப்பியோடு வழக்காடக் கூடாது என்று நீதிபதி தடுத்துவிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 31ந் தேதி மருதானைப் பள்ளிவாசல் முன்றலில் பெரும் ஜனக்கூட்டம் கூடியது. பம்பாயிலிருந்து மவுலவி ரபியுத்தீன் அகமது அவர்கள் வந்து பேசினார்கள். பின்னால் தொப்பியோடு நிற்க அனுமதி கிடைத்தது. இருபது ஆண்டுக்கு முன் பாடசாலைச் சந்தா கொடுக்கத் தயங்கிய சமூகம் இப்போது கோர்ட்டில் தன் அட்வகேட்டுக்காகக் கூட்டம் போட்டது. அட்வகேட் என்று ஒருவர் இருந்ததால்தானே அந்தக் கூட்டம்!

1913ல் பாடசாலை ஸாஹிராக் கல்லூரி என்ற பெயர் பெற்றது. 1921ல் டி. பி. ஜாயா அவர்கள் பிரின்ஸிபாலாக வந்தார். அவர் மலாய் வம்சத்தவர் என்பது நம் நாட்டு வாசகர்களுக்கு விசேஷமான சங்கதி. சோனகர் எழுப்பிய பாடசாலையை மலாய்க்காரர் ஒருவர் இருபத்தேழு ஆண்டுகள் வளர்த்துப் பெரிதாக்கினார். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது ஸாஹிராவுக்கும் வந்து பிள்ளைகளிடம் பேசினார். கம்பளை, மாத்தளை, அளுத்கம, புத்தளம் ஆகிய ஊர்களில் ஜாயா அவர்கள் ஸாஹிரா என்ற பெயரிலேயே கிளைகள் திறந்தார். 1948ல் அவருக்குப் பின் வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். இலங்கை சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவர்தாம். அந்தப் பெரிய உத்தியோகத்தை ராஜினாமாச் செய்துவிட்டு ஸாஹிராவுக்கு வந்து 1961 வரை இருந்தார். கண்டிப் புரொக்டர் 1884ல் செய்ததை அறுபத்து நான்கு ஆண்டு கழித்து இன்னொருவரும் செய்தார்.

சித்திலெவ்வை அவர்கள் பேரில் கண்டியில் ஒரு பாடசாலை நடக்கிறது. 1977ல் இலங்கை அரசாங்கம் அவர் படம் போட்ட தபால் முத்திரை வெளியிட்டது. கொழும்பிலிருந்து சரக்கு அனுப்பும் ஒரு நண்பர், பழைய தபால்தலைகளோடு அதில் ஒன்றையும் எனக்குத் தந்தார். கடைப் பெட்டியடியில் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். சில்லறைக்காகக் காத்து நிற்கிற பிள்ளைகள் இது யார் என்று கேட்பதுண்டு.